ட்ரோஜன் தட்டுகளில் அச்சாகாத பெயர்கள்

பிரிட்டனில் ரெகே இசையைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோன ட்ரோஜன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் அச்சாணி லீ கோப்தால். அவர் பாடகரோ வாத்தியக்காரரோ அல்ல, கணக்காளர். ஜமைக்காவில் பிறந்த இந்திய வம்சாவளியினர். ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றிக்கொண்டு ஜமைக்காவுக்குப் போன முதல் கப்பல் பிளண்டல், ஆண்டு 1845. 1917 வரை ஏறத்தாழ 36,000 பேர் அந்தத் தீவின் தோட்டங்களுக்குப் போனார்கள். பெரும்பாலோர் வட இந்தியர்கள்; சென்னையில் கப்பலேறியவர்களும் உண்டு. மலேயாவுக்கும் இலங்கைக்கும் போனவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஜமைக்கா நம் பேச்சில் வருவதே அபூர்வம். என்னை இந்தத் தட்டுகளிடம் இழுத்துவந்தது இசைதான். கோப்தாலின் கதை பிறகுதான் தெரியவந்தது. தெரிந்த பிறகு தட்டுகள் இன்னும் நெருக்கமாகிவிட்டன.

லண்டன் கில்பர்ன் பகுதியில், கேம்பிரிட்ஜ் ரோடு 108ஆம் எண் கட்டடம் கோப்தாலின் பொறுப்பில் இருந்தது. அதன் நிலவறையில் சன்னி ராபர்ட்ஸ் என்ற ஜமைக்காக்காரர் பிளானெட்டோன் என்ற ஒலிப்பதிவுக்கூடத்தை நடத்தினார். பிரிட்டனில் கறுப்பினத்தவர் ஒருவர் சொந்தமாக நடத்திய முதல் ஒலிப்பதிவுக்கூடம் என்று அதைச் சொல்வார்கள். 1960களின் தொடக்கத்தில் கிறிஸ் பிளாக்வெல்லின் ஐலண்ட் ரெக்கார்ட்ஸும் அதே கட்டடத்துக்குக் குடிவந்தது. குடியிருக்க வந்தவர்களின் வியாபாரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்த கோப்தாலுக்கு அதன் வாய்ப்பு பிடிபட்டது. ஊரை விட்டு வந்த மேற்கிந்தியத் தீவு மக்கள் ஊர்ப் பாட்டுக்கு ஏங்கினார்கள். பெரிய கடைகளில் அது கிடைக்கவில்லை. அவர்கள் வாழும் பகுதிகளிலேயே மியூசிக் சிட்டி என்ற பெயரில் கடைகளைத் திறந்தார் கோப்தால்.

1968இல் கோப்தாலும் பிளாக்வெல்லும் கைகோத்து ட்ரோஜனை முழு நிறுவனமாக்கினார்கள். பெயர் கிங்ஸ்டனிலிருந்து வந்தது. அங்கே மதுக்கடை வைத்திருந்த முன்னாள் போலீஸ்காரர் டியூக் ரீட், தன் ஒலிபெருக்கிகளை ட்ரோஜன் என்ற பிரிட்டிஷ் லாரியில் ஏற்றித் தெருத்தெருவாக நடனக் கொண்டாட்டம் நடத்தியவர். லாரியின் பெயரே அவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

நிறுவனம் நடந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். ஜமைக்காவின் தயாரிப்பாளர்கள் பதிவு செய்து அனுப்புவார்கள். இவர்கள் லண்டனில் தட்டாக அச்சிட்டு விற்பார்கள். முக்கியமான ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் தனி லேபிள். லீ பெரிக்கு அப்செட்டர், ஹாரி ஜான்சனுக்கு ஹாரி ஜே, வின்ஸ்டன் ரைலிக்கு டெக்னிக்ஸ். கையில் காசில்லாத பிள்ளைகளும் வாங்கும்படி ‘டைட்டன் அப்’ என்ற தொகுப்புகளை மலிவு விலையில் போட்டார்கள். 1969 கடைசியில் ‘ரிட்டர்ன் ஆஃப் ஜாங்கோ’, ‘லிக்விடேட்டர்’, ஜிம்மி கிளிஃபின் ‘வொண்டர்ஃபுல் வேர்ல்ட், பியூட்டிஃபுல் பீப்பிள்’ மூன்றும் பிரிட்டனின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தன. 1971இல் ‘டபுள் பேரல்’ முதலிடம் பிடித்தது. அதில் டிரம்ஸ் வாசித்த ஸ்லை டன்பர் அப்போது பதின்வயதுப் பையன். 1974இல் கென் பூத்தின் ‘எவ்ரிதிங் ஐ ஓன்’ மறுபடி முதலிடம்.

வானொலிக்காரர்கள் இந்த இசையைக் கரடுமுரடானது என்று ஒதுக்கியதால், லண்டனில் வயலின் குழுவை வைத்து மேல்பூச்சு பூசும் வழக்கம் வந்தது. பாப் ஆண்டியும் மார்சியா கிரிஃபித்ஸும் பாடிய ‘யங், கிஃப்டட் அண்ட் பிளாக்’ இரண்டு வடிவங்களிலும் கிடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்பேன். வயலின் இல்லாததில் பேஸ் கிட்டார் நெஞ்சில் வந்து மோதும். இரண்டு குரல்களும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருக்கும். வயலின் சேர்த்ததில் அதே குரல்கள் ஓரடி பின்னால் போய் நிற்கும். 1970இல் ஐந்தாம் இடம் வரை ஏறியது வயலின் சேர்த்த வடிவம்தான். என் மனம் மற்றதில்தான் இருக்கிறது.

‘லிக்விடேட்டர்’ தட்டைக் கையில் எடுத்தால் ‘ஹாரி ஜே ஆல் ஸ்டார்ஸ்’ என்றுதான் போட்டிருக்கும். அந்த ஆர்கன் வின்ஸ்டன் ரைட்டுடையது. பேஸும் டிரம்ஸும் பின்னாளில் பாப் மார்லிக்கு முதுகெலும்பாக நின்ற ஆஸ்டன் பேரட், கார்ல்டன் பேரட் சகோதரர்களுடையவை. ஒருவர் பெயரும் தட்டில் இல்லை. 1972இல் அமெரிக்காவில் ஸ்டேபிள் சிங்கர்ஸ் பாடிப் புகழ்பெற்ற ‘ஐ வில் டேக் யூ தேர்’ பாட்டின் தொடக்கம் இதே இசைதான். அங்கேயும் இவர்களுக்குப் பெயர் கிடைக்கவில்லை. ‘ரெட் ரெட் வைன்’ பாடிய டோனி ட்ரைபின் பெயர் முதல் அச்சில் தவறாகவே விழுந்தது. பிற்காலத்தில் அதைப் பாடி 1983இல் முதலிடம் பெற்ற யூபி40 குழுவினர், எழுதியவர் நீல் டயமண்ட் என்பதே தெரியாமல் அதை ஜமைக்கப் பாட்டு என்று நம்பியிருந்தார்கள்.

பெயர் மட்டுமா போனது? வாசித்தவர்களுக்குப் பெரும்பாலும் பதிவு அன்று கொடுத்த கூலியோடு சரி. பணம் லண்டனிலிருந்து தயாரிப்பாளருக்குப் போகும். அங்கிருந்து வாசித்தவரின் கைக்கு வந்ததா என்று கேட்பாரில்லை. 1972இல் பிளாக்வெல் விலகினார். 1975இல் நிறுவனம் நொடித்தது. கைமாறிக் கைமாறி 2001இல் சாங்சுவரி நிறுவனம் அதை ஒரு கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. இப்போது பிஎம்ஜி வசம் இருக்கிறது. உரிய பங்கு வரவில்லை என்ற மனக்குறை பழைய கலைஞர்களிடம் கடைசிவரை தீரவில்லை.

இத்தனைக்குப் பிறகும் ட்ரோஜன் செய்தது சாதாரணம் அல்ல. அந்தத் தட்டுகளுக்காக முதலில் வரிசை கட்டிய வெள்ளைக்காரப் பிள்ளைகளில் பலர் ஸ்கின்ஹெட் என்று அழைக்கப்பட்ட, தலைமுடியை ஒட்ட வெட்டிய தொழிலாளர் வீட்டுப் பையன்கள். சில ஆண்டுகளில் அதே தோற்றத்தை நிறவெறிக் கும்பல்கள் எடுத்துக்கொண்டன. 1987இல் நியூயார்க்கில் நிறவெறிக்கு எதிராகத் தொடங்கிய ஸ்கின்ஹெட் இயக்கம் பின்னர் தன் சின்னமாக வைத்துக்கொண்டது ட்ரோஜனின் இலச்சினையான தலைக்கவசத்தைத்தான். வீட்டுக்குள் வந்த ஒரு பாட்டு ஒருவனை எந்தப் பக்கம் நிறுத்தும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நான் வசிக்கும் வெம்ப்ளிக்குப் பக்கத்தில்தான், நீஸ்டன் லேனில், ட்ரோஜனின் அலுவலகம் இயங்கியது. இன்று அந்தப் பக்கம் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லா இசையும் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இன்று இந்தப் பாட்டுகள் கைபேசியில் காசில்லாமலே கிடைக்கின்றன. கேளுங்கள். கேட்டுப் பிடித்துப்போனால், வாசித்தவர் யார் என்று தேடிப் படித்து, அந்தப் பெயரை நாலு பேரிடம் சொல்லுங்கள். வாசித்தவர்களுக்கு வரவேண்டிய பணத்தை நம்மால் வாங்கித் தர முடியாது. பெயரைச் சொல்ல முடியும்.