கணினித் திரையில் 1967

வரலாறு ஏடுகளில் மட்டும் வாழ்வதன்று. மனிதன் படைத்த கருவிகளிலும் அது உறைந்து கிடக்கின்றது. கருவியைக் கையாளுங்கால், ஏடு சொல்லாது விட்டதைக் கை உணர்ந்துகொள்கிறது. இக்கருத்துக்கு ஒரு கணினி விளையாட்டையே சான்றாகக் காட்டலாம். அமெரிக்காவின் பாப்பிரஸ் நிறுவனம் உருவாக்கி, 1998-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்' என்பதே அது. 1967-ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் உலகப் பந்தயங்களை அது நம் கண்முன் நிறுத்துகின்றது.

அவ்வாண்டைத் தேர்ந்ததற்குத் தக்க பொருள் உண்டு. அன்றைய கார்கள் மூன்று லிட்டர் இயந்திரம் பெற்றிருந்தன. அவற்றைத் தரையோடு அழுத்தும் இறக்கைகளோ 1968-இல்தான் தோன்றின. ஆற்றல் பெரிது; பிடிமானம் சிறிது. எனவே ஒவ்வொரு காரின் இயல்பும் ஓட்டுநரின் கைக்கு நேரே புலப்பட்டது. அந்த இயல்புகளையே விளையாட்டும் வேறுபடுத்திக் காட்டுகிறது.

லோட்டஸ் 49 ஏறத்தாழ 400 குதிரைத்திறன் கொண்டது. வளைவின் நடுவே முடுக்கியைச் சற்று மிகுதியாக அழுத்தினாலும் பின்சக்கரங்கள் வழுக்கிக் கார் சுழன்றுவிடும். பிரபாம் ஆற்றலில் குறைந்தது. ஆயினும் எடை குறைந்த அக்கார் ஓட்டுநரின் குறிப்பறிந்து திரும்பும். பதினாறு சிலிண்டர் இயந்திரத்தைச் சுமந்த பி.ஆர்.எம். கார், வளைவுகளில் தன் எடைக்கே அடிமையாகித் தயங்கும். டான் கர்னிக்குப் பெல்ஜியப் பந்தயத்தில் வெற்றி தந்த ஈகிள், நீண்ட விரைவுத் தடங்களில் தன் பெருமையைக் காட்டும்.

இங்கே ஒரு வரலாற்று வினா எழுகிறது. அவ்வாண்டில் லோட்டஸ் ஓட்டிய ஜிம் கிளார்க் நான்கு பந்தயங்களை வென்றார். பிரபாம் ஓட்டிய டென்னி ஹியூம் வென்றவை இரண்டே. ஆயினும் ஹியூம் 51 புள்ளிகளுடன் உலக வாகையர் ஆனார். கிளார்க் பெற்றவை 41. ஏன்? லோட்டஸ் விரைந்தது, ஆனால் புதியது. பழுதுகள் அதனை இடைவழியில் மறித்தன. பிரபாம் எளியது, முடிவுக்கோடு வரை சென்று சேர்ந்தது. இரண்டையும் மாறி மாறித் திரையில் ஓட்டிய மாணவன், புள்ளி அட்டவணையை வெறும் எண்களாகக் காணமாட்டான்.

எனினும் எச்சான்றையும் ஐயுற்று ஆராய்தலே வரலாற்று மாணவனின் கடமை. இவ்விளையாட்டில் கூப்பர், ஹோண்டா என்னும் பெயர்கள் இல்லை. அவற்றின் இடத்தில் கவன்ட்ரி, முரசாமா என்னும் புனைபெயர்களே உள்ளன. இத்தாலியப் பந்தயத்தை அவ்வாண்டு ஜான் சர்ட்டீஸ் வென்றது ஹோண்டா காரில் என்பதைத் திரையை மட்டும் நம்பியவன் அறியான்.

அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. 1967 மே மாதம் மொனாக்கோ பந்தயத்தில் லொரென்சோ பாண்டினியின் ஃபெராரி கவிழ்ந்து தீப்பற்றியது. மூன்று நாள்களில் அவர் உயிர் நீத்தார். திரையில் கவிழ்ந்த காரை ஒரு விசையைத் தட்டி மீட்டுவிடலாம். அன்றைய வீரனுக்கு அவ்விசை இல்லை.

காரின் இயல்பை விளையாட்டு கற்பிக்கும். அதை ஓட்டிய மனிதன் கொடுத்த விலையை ஏடே கற்பிக்கும். இரண்டையும் ஒருங்கே வைத்துப் பயில்வோனுக்கே அந்த ஆண்டு முழுமையாக விளங்கும்.