உப்பு என்னும் ஒரு சொல்

வானகரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பற்றிப் பேசுவோர் ‘உப்புத் தண்ணீர்’ என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். அச்சொல்லுக்குள் இரு குறைகள் அடங்கியுள்ளன. ஒன்று உவர்ப்பு, மற்றொன்று, கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றால் விளையும் கடினத்தன்மை. முன்னதை நாக்கு அறியும். பின்னதைச் சோப்பும் கெய்சரும் அறியும்.

நம் முன்னோர் கடினத்தன்மையைக் கைப்பழக்கத்தால் சமாளித்தனர். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் கடின நீரிலும் அழுக்கை நீக்கும். சோப்பைப்போல் திரிந்து படலமாவதில்லை. வெள்ளாவிக்குச் சேர்த்த உவர்மண்ணிலுள்ள சோடியம் கார்பனேட், நீரின் கால்சியத்தைப் படியச் செய்துவிடும். கலித்தொகைக் காலத்திலேயே அறியப்பட்ட தேற்றாங்கொட்டையோ கலங்கலைத் தெளிவிக்குமேயன்றிக் கடினத்தை நீக்காது.

சென்னை நகரம் மேற்கொண்ட வழி வேறு: நல்ல நீரை வெளியிலிருந்து கொணர்வது. கோட்டைக்காக 1772இல் ஏழுகிணறு, நகருக்காக 1872இல் செங்குன்றம், 1944இல் பூண்டி என நீர் தேடும் தொலைவு வளர்ந்துகொண்டே போயிற்று. மேற்குப் புறநகர்களில் குழாய்க்கு முன்பே வீடுகள் வந்துவிட்டன. பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் ஏரி விரிந்து கிடக்க, இங்குள்ளோர் குடிக்கக் கேன் தண்ணீரையும் புழங்க நிலத்தடி நீரையும் நம்பினர்.

பிறகு மென்னீர்க் கருவி வந்தது. செயற்கைப் பிசினால் அயனிகளை மாற்றலாம் என்பதை 1935இல் இங்கிலாந்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் இருவரும் காட்டியிருந்தனர். பிசின் மணிகள் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. சோப்பு நுரைக்கிறது, குழாயில் வெண்படிவு நின்றுவிடுகிறது. உவர்ப்பு மட்டும் குறைவதில்லை. மேலும், மணிகளை அவ்வப்போது உப்புக் கரைசலால் கழுவியாக வேண்டும். கழிவுநீர்க் குழாய் இல்லாத தெருவில் அக்கரைசல் மண்ணில் இறங்குகிறது. ஒரு வீடு தன் கடினத்தைக் கழித்து, அனைவரும் இறைக்கும் நீரில் உவர்ப்பைச் சேர்க்கிறது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரின் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என வரம்பிட்டு, மாற்று நீர் இல்லாவிடில் 600 வரை பொறுக்கிறது. நம் கிணற்றுநீரைச் சோதித்தறிந்து, தேவையெனில் குளியலறைக் குழாய்க்கு மட்டும் கருவியைப் பொருத்தலாம். மழைநீர் இயல்பிலேயே மென்னீர். தமிழக அரசு 2003இல் வலியுறுத்திச் செயற்படுத்திய மழைநீர் சேகரிப்புத் தொட்டியைத் தூர்வாரி வைத்தால் உவர்ப்பு, கடினம் இரண்டும் தணியும். அப்பயன் அண்டை வீட்டுக் கிணற்றுக்கும் சேரும்.