இரத்தினபுரியின் கிட்டார்

இரத்தினபுரி என்றால் மாணிக்கக்கல், சிவனொளிபாத மலை, அடைமழை. சிங்களப் பொப் இசையின் தொட்டிலும் இதுதான் என்றால் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

1960களின் நடுவில் அனஸ்லி மாலேவனவும் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் இங்கே தொடங்கியதுதான் ‘மூன்ஸ்டோன்ஸ்’. சிங்களப் பாட்டில் மின் கிட்டாரை நிலைநிறுத்திய கிளாரன்ஸ், தேயிலை மலையான அப்புத்தளையில் பிறந்தவர். இலங்கை வானொலி இவர்களை வீடு வீடாகக் கொண்டுபோனது. ஜெரால்ட் விக்ரமசூரியவின் ‘சூரியா’ இசைத்தட்டுகள் பொப் குழுக்களைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தன.

அந்த நாளில் எங்கள் தோட்டத்து லயத்தில் ஏது மின்சாரம்? யாராவது ஒருவர் வீட்டில் பற்றரி ரேடியோ இருக்கும். இறப்பர் பால் வெட்டி வந்த களைப்போடு இஸ்தோப்பில் குந்தி, மொழி பாராமல் கேட்டோம். நித்தி கனகரத்தினத்தின் தமிழ்ப் பொப் பாட்டு ‘சின்ன மாமியே’ வந்தபோது பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். இளசுகள் தாளம் போட்டோம். ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’க்கோ கிழவிகளும் ஆடினார்கள்!

1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தமிழரான எங்கள் சனம் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் ‘சுராங்கனி’ தமிழ்நாடெங்கும் ஒலித்தது. அங்கே போன எங்களவர்களை ‘சிலோன்காரர்’ என்று ஒதுக்கிய ஊர், சிலோன் பாட்டை மட்டும் தோளில் தூக்கி வைத்துக்கொண்டது.

எனக்கொரு மனக்குறை உண்டு. யாழ்ப்பாணப் பேச்சு பொப்பில் ஏறியது, சிங்களமும் ஏறியது. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களமும் கொழுந்துக் கூடையும் தப்பு மேளத்தின் அடியும் அந்த நாளில் இசைத்தட்டு ஏறவில்லை. தப்புக்கு முன்னால் எந்தக் கிட்டார் நிற்கும்?