கித்தாரும் மூன்று குருக்களும்

ஆலயப் பாடற்குழுவில் கித்தார் வாசிக்கும் இளைஞனின் இடக்கையை என்றேனும் உற்றுக் கவனித்திருக்கிறீர்களா? அந்தக் கை பெரும்பாலும் கருவியின் கழுத்து நுனியிலேயே குடியிருக்கும். கழுத்துப் பலகையில் ஏணிப்படிகள்போல் குறுக்கே பதிக்கப்பட்ட உலோகக் கம்பிகளை ஃப்ரெட் என்கிறோம். அவற்றில் முதல் மூன்றைத் தாண்டி அவன் விரல்கள் போவது அரிது. சி மேஜர், எஃப் மேஜர், ஜி மேஜர் என்ற மூன்று கார்டுகள் அவனுக்குப் போதும். பலகையின் மற்றப் பகுதி உழப்படாத நிலம்போல் கிடக்கும். “மூன்று கார்டு தெரிந்தவனெல்லாம் வித்துவானா?” என்று மூத்தவர்கள் கேலி செய்வதும் உண்டு.

இந்தக் கேலி புதியதன்று. அதற்கு வயது நானூறுக்கு மேல். அதை ஏட்டில் எழுதி வைத்தவர் ஒரு குரு. அதற்குச் செயலில் விடை காட்டியவரும் ஒரு குருவே!

மலையடிவாரத்து மருத்துவர்

ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரங்களின் கூட்டே கார்டு. ஸ, க, ப என்ற மூன்றும் சேர்ந்தால் ஒரு மேஜர் கார்டு பிறக்கிறது. இந்த மூன்றையும் கித்தாரில் எத்தனையோ இடங்களில், எத்தனையோ வரிசைகளில் அடுக்கலாம். இந்த அடுக்குமுறையின் கதை ஸ்பெயின் நாட்டில் தொடங்குகிறது.

பெனடிக்ட் சபைத் துறவியரின் புகழ்பெற்ற மடம் அமைந்த மொன்செராத் மலையின் அடிவாரத்தில் மொனிஸ்ட்ரோல் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரில் பிறந்த மருத்துவர் யுவான் கார்லோஸ் அமாத் என்பவர் 1596இல் ஐந்து வரிசைத் தந்திகள் கொண்ட கித்தாருக்கு ஒரு சிறு நூல் வெளியிட்டார். 12 மேஜர், 12 மைனர் ஆக 24 கார்டுகளை ஒரு வட்டத்துக்குள் எண்ணிட்டு அடக்கிக் காட்டினார். விரல்களை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டால் போதும். எந்தச் சுருதியிலும் பாட்டுக்குத் துணை வாசிக்கலாம்.

1606இல் இத்தாலியில் மொன்தேசார்தோ என்பவர் இன்னும் எளிய வழியை அச்சிட்டார். ஒவ்வொரு விரல் அமைப்புக்கும் ஓர் எழுத்து. அந்த எழுத்து சுரத்தின் பெயரன்று, வெறும் அடையாளம். ‘ஏ’ என்றால் ஜி மேஜர். ‘பி’ என்றால் சி மேஜர். பின்னர் எழுத்தின்மேல் ஓர் எண்ணையும் சேர்த்து எழுதும் வழக்கம் வந்தது. அதன் பொருள், அதே விரல் அமைப்பை அந்த ஃப்ரெட்டுக்கு நகர்த்து என்பதே. ‘ஹெச்’ என்ற அமைப்பு முதல் ஃப்ரெட்டில் பி ஃப்ளாட் மேஜர். அதையே மூன்றாம் ஃப்ரெட்டுக்கு ஏற்றினால் சி மேஜர். ஆக, ஒரே சி மேஜருக்கு இரண்டு வீடுகள் கிடைத்துவிட்டன! கழுத்தின்மேல் கார்டு நடக்கத் தொடங்கியது இப்படித்தான்.

கேலி செய்த குரு

இவ்வளவு எளிதாகிவிட்ட கலையைப் பெரியவர்கள் விட்டுவைப்பார்களா? குவெங்கா பேராலயத்தின் குரு செபஸ்தியான் தெ கோவாருபியாஸ் 1611இல் ஸ்பானிய மொழிக்கு ஒரு பேரகராதி வெளியிட்டார். அதில் ‘விகுவேலா’ என்ற சொல்லுக்குப் பொருள் எழுதும்போது அவர் மனம் வெதும்பினார். விகுவேலா என்பது கற்றோர் நெடுநாள் பயின்று, பல குரல்கள் பின்னிவரும் இசையை மீட்டிய தந்திக்கருவி. அதைக் கைவிட்டு எல்லாரும் கித்தாரைப் பிடித்துக்கொண்டார்களே என்று வருந்தினார். கித்தாரை மாட்டின் கழுத்துமணிக்கு ஒப்பிட்டார். குதிரை லாயத்துப் பையன்கூட இசைவாணன் ஆகிவிட்டான் என்று எள்ளினார்.

அவர் கவலையில் உண்மை இல்லாமல் இல்லை. விரல் அமைப்பை மட்டும் மனனம் செய்தவனுக்குத் தான் எழுப்பும் சுரங்கள் எவை என்றே தெரியாமல் போகலாம். ஆயினும் அந்த லாயத்துப் பையனின் பக்கத்தையும் நாம் பார்க்க வேண்டாமா? ஆசிரியருக்குக் கொடுக்கக் காசில்லாதவனும், இசைக்குறி படிக்கத் தெரியாதவனும் அன்றுதான் முதன்முறையாக முழுமையான சுரக்கூட்டைத் தன் கையால் எழுப்பினான். அவன் எழுப்பிய இன்பம் பொய்யன்று.

புதிர்ப்பாதை அமைத்த குரு

கேலிக்கு மறுப்பு எழுதாமல் மாற்று வழி காட்டியவர் காஸ்பர் சான்ஸ். அரகோன் பகுதியில் கலாந்தா என்னும் ஊரினர். சலமான்கா பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்ற குரு. இத்தாலிக்குச் சென்று அங்குள்ள இசை மேதைகளிடம் பாடம் கேட்டுத் திரும்பியவர். 1674இல் சரகோசா நகரில் இவர் வெளியிட்ட கித்தார் நூலின் முகப்பிலேயே, இதனுள் இரண்டு புதிர்ப்பாதைகள் உண்டு என்று அறிவித்தார்.

முதல் புதிர்ப்பாதை, கார்டுகளின் எழுத்துகளை ஃப்ரெட் எண்களோடு கட்டம் கட்டமாக அடுக்கிய அட்டவணை. ஒரே இசையைக் கழுத்தின் வெவ்வேறு இடங்களில் எப்படி வாசிப்பது என்று அது கற்பித்தது. இரண்டாவது, முரண்சுரங்கள் கலந்த அரிய கார்டுகளுக்கானது. லாயத்துப் பையனுக்குத் தெரிந்த அதே எழுத்துகள்தாம். அவற்றையே படிகளாக்கி அவனை மேலே ஏற்றினார். எளியதை எறிந்துவிடாமல் அதன் உள்ளிருந்தே கலையை வளர்த்த பெருந்தன்மையை என்னென்பது!

அக்காலக் கித்தாரின் தந்தி அமைப்பும் இதற்கு உதவியது. ரோமாபுரி ஆசிரியர்கள் நான்காம், ஐந்தாம் வரிசைகளிலும் மெல்லிய தந்திகளையே கட்டினார்கள் என்று சான்ஸ் எழுதுகிறார். அப்படிக் கட்டினால் அந்த வரிசைகள் ஒரு ஸ்தாயி உயர்ந்து ஒலிக்கும். அடித்தளமாக நிற்கும் கனத்த சுரம் இராது. எனவே ஸ, க, ப எந்த வரிசையில் வந்தாலும் காது அதை ஒரே கார்டாக ஏற்றுக்கொண்டது. வரிசை மாறினாலும் கார்டு ஒன்றே என்ற கொள்கையைப் பிரெஞ்சு இசைஞர் ராமோ 1722இல் விரிவான நூலாக எழுதினார். கித்தார்காரர்களின் விரல்களோ அதை முன்பே அறிந்திருந்தன!

சான்ஸின் ஆட்ட இசைகளை எடுத்து ரொத்ரிகோ 1954இல் கித்தாரும் இசைக்குழுவும் சேர்ந்த ஒரு படைப்பை இயற்றினார். இன்றும் உலகெங்கும் அது வாசிக்கப்படுகிறது.

பாட்டுக்குத் துணை நின்ற குரு

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கித்தார் ஆறு தந்திகளும் கனத்த அடிச்சுரமும் பெற்றது. 1818 கிறிஸ்து பிறப்பு இரவில் ஆஸ்திரியாவின் ஓபெர்ன்தோர்ஃப் ஊர் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் உதவிக் குரு யோசேப் மோர் கித்தாரை எடுத்தார். சொற்கள் அவருடையவை, இசை ஆசிரியர் ஃபிரான்ஸ் குரூபருடையது. ‘சைலண்ட் நைட்’ என்று நாம் அறிந்த பாடல் இரண்டு ஆண்குரல்களும் ஒரு கித்தாருமாக அன்று பிறந்தது. அதன் அடித்தளம் சில எளிய கார்டுகளே. எளிமை இழிவன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பாடற்குழுவுக்கு ஒரு சொல்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், பைப் ஆர்கனை உயர்வாகப் போற்றியதோடு, தகுதியான பிற கருவிகளுக்கும் ஆயர்களின் இசைவோடு இடம் தந்தது. கித்தார் ஆலயங்களுக்குள் வந்தது. 1611இன் கேலியும் கூடவே வந்தது!

விடை சான்ஸின் வழியில் இருக்கிறது. நம் இளைஞன் முதல் மூன்று தந்திகளில் மட்டும் சி மேஜரைத் தேடட்டும். மூன்றாம் தந்தி விடுதந்தி, இரண்டாவதில் 1ஆம் ஃப்ரெட், முதல் தந்தி விடுதந்தி: கீழிருந்து ப, ஸ, க. அடுத்து முறையே 5, 5, 3: ஸ, க, ப. அதற்கும் மேலே 9, 8, 8: க, ப, ஸ. மூன்றும் ஒரே கார்டு. ஆனால் உச்சியில் நிற்கும் சுரம் ஒவ்வொன்றிலும் வேறு. பாட்டின் சுரம் எதுவோ அதை உச்சியில் கொண்ட அடுக்கைத் தேர்ந்தால் கித்தாரும் கூடவே பாடும். குழுவில் இருவர் வாசித்தால், ஒருவர் கழுத்து நுனியிலும் மற்றவர் மேற்பகுதியிலும் வாசிக்கட்டும். சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் விரிந்து நிற்கும். பாடுவோர் குரலும் தெளிவாகக் கேட்கும்.

மூன்று கார்டு தெரிந்த பையனைக் கேலி செய்யாதீர்கள். அந்த மூன்றுக்கும் இன்னும் எத்தனை வீடுகள் உண்டு என்று காட்டுங்கள். அவனிடம் இருக்கும் கருவியே போதும்; அவன் கை சற்று மேலே ஏற வேண்டும், அவ்வளவுதான்.