சித்ரா வால்வு

குளச்சல் பக்கம் இருதயக் கோளாறுன்னா பலரும் பஸ் ஏறுறது திருவனந்தபுரத்துக்குத்தான். அங்கே ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழு செய்த வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. முந்தைய மூணு மாடலும் தோத்துப்போச்சு, இது நாலாவது. உலோகக் கூண்டு, உள்ளே சாய்ந்து திறக்கும் பிளாஸ்டிக் தட்டு. வெளிநாட்டு வால்வைவிட விலை ரொம்பக் குறைவு.

நம்ம நாட்டில் வாதக்காய்ச்சல் வால்வைக் கெடுப்பது பெரும்பாலும் சின்ன வயசில். மாடு, பன்றித் திசு வால்வு இளசுகளுக்குச் சீக்கிரம் பழுதாகும். 1967-ல் லண்டனில் டொனால்ட் ராஸ், நோயாளியின் நுரையீரல் வால்வையே மகாதமனிக்கு மாற்றினார். பலே யோசனைதான், ஆனா ஒரு வால்வு சீக்குக்கு ரெண்டு வால்வுல கை வைக்கணும்!

சித்ரா உழைக்கும். ஆனா ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. தூண்டில் முள் கிழிச்சா ரத்தம் லேசில் நிக்காது. கடலுக்குப் போற இருபத்தஞ்சு வயசுப் பையனுக்கு வால்வு விலையைவிட இதுதான் பெரிய கணக்கு.