இரண்டு மூட்டைப் பஞ்சு

பெண்டாங்கில் நான் வளர்ந்த தோட்டத்தில், கோயிலுக்குப் பின்னால் ஓர் எருக்கஞ்செடி நின்றது. இலையைக் கிள்ளினால் பால் வடியும். "கைய வைக்காதடா, கண்ணுல பட்டா பார்வ போயிரும்" என்பார் பாட்டி. இருட்டிலேயே எழுந்து பால்மரம் வெட்டப் போனவருக்கும் இந்தப் பாலிடம் பயம். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு மட்டும் அந்த இலையைத் தயங்காமல் தின்னும்.

எருக்கின் உறவுச் செடிகள் வட அமெரிக்காவில் உண்டு. ஈரப் புல்வெளிகளில் இளஞ்சிவப்பாகப் பூத்து, ஆண்டுதோறும் வேரிலிருந்து துளிர்க்கும் சதுப்புநிலப் பால்செடி அவற்றில் ஒன்று. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்குப் பால்செடிகள்தாம் உணவு. இன்று வீட்டுத் தோட்டங்களில் தேடி நடுகிறார்கள். விவசாயிகளுக்கோ பால்செடி வெறும் களை.

அந்தக் களைக்கு ஒருமுறை விலை வந்தது. அதற்குக் காரணம் நம் வட்டாரம்.

1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை தோற்றது. கெடா ஜப்பானியர் கைக்குப் போனது. அடுத்த மார்ச்சில் ஜாவாவும் வீழ்ந்தது. அமெரிக்கா தன் இயற்கை ரப்பரில் சுமார் 90 விழுக்காட்டைத் தென்கிழக்காசியாவிலிருந்தே வாங்கிவந்தது. மிதவை அங்கிகளில் அடைக்கும் இலவம்பஞ்சு பெரும்பாலும் ஜாவாவிலிருந்து போனது. இரண்டும் நின்றன.

அமெரிக்காவும் கனடாவும் பால்செடியிலிருந்து ரப்பர் எடுக்க முயன்றன. சரிவரவில்லை. அதன் பஞ்சு கைகொடுத்தது. உள்ளே வெற்றிடமும் மேலே மெழுகும் கொண்ட இழை, நீரில் மிதக்கும். 1944இல் பள்ளிப் பிள்ளைகள் மூட்டை மூட்டையாகக் காய் பறித்தார்கள். மிச்சிகனின் பெட்டோஸ்கி ஊரில் ஓர் ஆலை அதைப் பஞ்சாக்கியது. இரண்டு மூட்டை ஓர் உயிரைக் காக்கும் என்பது அன்றைய முழக்கம்.

அதே போரில் இங்கே பல தோட்டங்களில் பால் வெட்டு நின்றுபோனது. வேலையிழந்தவர்களை ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு அள்ளிப்போனார்கள். 1942 ஜூன் முதல் 1943 அக்டோபர் வரை, 415 கிலோமீட்டர். "வேலை இருக்குன்னுதான் கூட்டிட்டுப் போனாங்க. எங்கண்ணன் ரயிலு ஏறுனாரு, திரும்பல." பாட்டி சொன்னது இவ்வளவுதான்.

பிள்ளைகள் பறித்த காய்க்கு எடைக்கணக்கு இருக்கிறது. பாதையில் செத்த தமிழர்களுக்குச் சரியான கணக்கு இல்லை. பல்லாயிரம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம்.

சதுர்த்தியன்று பாட்டி, பால் தெறிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு எருக்கம்பூ பறிப்பார். மாலை கட்டும்போது அண்ணன் பெயரை ஒருமுறை சொல்வார். அவர் இருந்தார் என்பதற்கு எங்கள் வீட்டில் வேறு பதிவு கிடையாது.