பயன் தராத உயிரின் உரிமை

வீட்டுப் பூனைக்கு மூப்பும் நோயும் ஒருசேர வந்துவிட்டால் வீட்டார் முன் மூன்று வினாக்கள் எழுகின்றன. மருத்துவத்துக்குச் செலவிடுவதா? உணவு மட்டும் வைத்து விட்டுவிடுவதா? கால்நடை மருத்துவரின் ஊசியால் அதன் துன்பத்தை முடித்துவிடுவதா? இவை இக்கால வசதிகளால் பிறந்த வினாக்கள் எனத் தோன்றலாம். ஆயினும் இவற்றின் வேர்களை நம் ஃபிக்ஹு நூல்களிலேயே காண்கிறோம்.

ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் தராமல், தானே இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண் அதன் பொருட்டு நரக வேதனைக்கு ஆளானதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள செய்தி இது. ஓர் உயிரைத் தம் பிடியில் வைத்திருப்பவர் அதன் வாழ்வுக்குப் பொறுப்பாளி என்பது இதனால் விளங்குகிறது. அப்பொறுப்பு, பூனை எலி பிடிக்கும் காலம் வரைதானா?

இதற்கு நேரான விடையை இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) தருகிறார். டமாஸ்கஸில் வளர்ந்து, ஹிஜ்ரி 660இல் (கி.பி. 1262) கெய்ரோவில் மறைந்த ஷாஃபிஈ பேரறிஞர் அவர். மனிதன் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளைத் தம் 'கவாயிதுல் அஹ்காம்' நூலில் வரிசைப்படுத்தும்போது, பராமரிப்புச் செலவை அவர் முதலில் வைக்கிறார். விலங்கு முடங்கினாலும், நோயுற்று எப்பயனும் தராமற் போனாலும் அச்செலவு நீங்காது என்பது அவர் துணிபு. இங்கே அவர் ஆளும் சொல் 'ஹக்', அதாவது உரிமை. இரக்கம் மனம் நெகிழ்ந்தபோது காட்டப்படுவது. உரிமையோ மனம் அலுத்தபோதும் கொடுக்கப்பட வேண்டியது. பிற்கால மாலிகி அறிஞர்கள் பூனையையே எடுத்துக்காட்டாக்கினர். பார்வையிழந்த பூனை ஒரு வீட்டில் தங்கிப் பிறிதோரிடம் செல்ல இயலாதாயின், அதற்கு உணவளிப்பது அவ்வீட்டார் மீது கடமை என்றனர்.

உணவளிப்பதோடு நில்லாமல் நோய்க்குப் பரிகாரம் தேடியோரும் உளர். ஹிஜ்ரி 578இல் (கி.பி. 1182) மறைந்த அஹ்மத் கபீர் ரிஃபாயீ (ரஹ்) அவர்கள், தென் இராக்கின் உம்மு அபீதாவில் அனைவரும் விரட்டிய நோயுற்ற நாயொன்றை ஊர்ப்புறத்துக்குக் கொண்டுசென்று, நிழல் அமைத்து, எண்ணெய் தடவி, உணவூட்டி, குணமானபின் வெந்நீரால் கழுவினார்கள் என அவர்களின் வரலாறு கூறுகிறது.

மூன்றாவது வினாவே கடினமானது. நம் கடற்கரை ஊர்களில் பெருவழக்காயுள்ள ஷாஃபிஈ மத்ஹபின் பிற்கால நூல்கள், உண்ணத்தகாத விலங்கை அதன் வேதனையைத் தீர்ப்பதற்காகவும் அறுத்தல் கூடாது என்கின்றன. தீரா நோயுற்ற கழுதையை அவை எடுத்துக்காட்டுகின்றன. ஹன்பலி நூல்களும் இவ்வாறே தடுக்கின்றன. மாலிகி அறிஞர்களோ, பிழைக்கும் நம்பிக்கை அற்றுப்போன விலங்கின் துன்பத்தை முடித்துவைக்க இடமளிக்கின்றனர். ஒரு சாரார் உயிரின் மதிப்பை முன்னிறுத்த, மறுசாரார் அவ்வுயிரின் வேதனையை முன்னிறுத்துகின்றனர். மாலிகி அனுமதியும் விலங்கின் நிலையைப் பற்றியதேயன்றி, உடையவரின் அலுப்பையோ செலவையோ பற்றியதன்று என்பதை நாம் மறத்தலாகாது.

இவற்றைத் தொகுத்து நோக்கும்போது நமக்குத் தோன்றுவது இது. வலியைத் தணிக்கும் எளிய மருத்துவம், வசதியுடையோர்க்குப் பராமரிப்பின் பகுதியே. வேதனையை மட்டும் நீட்டிக்கும் அறுவைகளை இம்மரபு வற்புறுத்துவதாகக் கொள்ள இயலாது. ஊசியைப் பொறுத்தவரை, அவரவர் மத்ஹபின் ஆலிமிடம் விலங்கின் உண்மை நிலையை எடுத்துரைத்துக் கேட்பதே முறை. அதுவரை அதற்கு நிழலும் நீரும் மென்மையான உணவும் தருவதில் எந்த மத்ஹபிலும் கருத்து வேறுபாடு இல்லை.